அடிநாதம்: ‘ருத்ரா’ கதிரின் நாலு தந்திப் பயணம்

பினாங்கில் யாரைக் கேட்டாலும், மேடையேறி நாடு முழுக்கப் பெயர் வாங்கிய இசைக்குழு என்றால் ஆலிகேட்ஸ் என்றுதான் சொல்வார்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் இங்கிருந்து கிளம்பி, ஹாங்காங்கில் வாசித்துப் பழகி, திரும்பி வந்து மலாய்ப் பாடல்களால் எல்லா இனத்தார் வீட்டுக்குள்ளும் புகுந்தவர்கள். 2007-ல் லோகநாதன் மறைந்தபோது அந்தத் துக்கம் தமிழர்களோடு நிற்கவில்லை. அந்தப் பெருமை இந்த மாநிலத்துக்கு என்றைக்கும் உண்டு.

இந்த வாரம் அட்டையில் இருப்பவர் வேறொருவர். நம் வீட்டுப் பெரியவர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டிருந்தாலும் அவர் பாடுவதை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஒலியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ என்ற மெட்டல் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர், பாடகர் கதிர். உபநிடதத்தையும் பகவத்கீதையையும் அத்வைதத்தையும் எடுத்து, உலகின் மிக முரட்டு இசை வடிவமான டெத் மெட்டலுக்குள் வைத்தவர். ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயர் இன்று உலக மெட்டல் ரசிகர்களிடையே புழங்குகிறது என்றால் அதற்கு முதல் காரணம் இந்தக் குழுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெட்டல் கேட்பவர்களுக்கு ருத்ராவைத் தெரியும். பிறையிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் உள்ள தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கேள்வி என்னை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

காதுக்குத் தெரியாமல் உடம்புக்குத் தெரிவது

முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண கிட்டாரில் ஆறு தந்தி, பேஸ் கிட்டாரில் நாலு. கழுத்து நீளம், தந்தி தடிமன். மிகத் தடித்த தந்தியைத் தட்டினால் அது நொடிக்கு 41 முறை அதிரும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்வது. அதாவது பேஸ் அதற்கும் ஒரு முழு ஸ்தாயி கீழே இருந்து ஒலிக்கிறது. அந்த 41 அதிர்வு காற்றில் எழுப்பும் அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். ஒரு மாடி வீட்டு வரவேற்பறைக்குள் அது அடங்காது. பக்கத்துத் தாமானில் கல்யாணம் நடந்தால் பாட்டு கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் நம் சன்னலை வந்து தட்டுவது இதனால்தான்.

நம்மவர்களுக்கு இதை விளக்க நீண்ட பாடம் வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் வழியில் நின்றவர்களுக்கு உறுமி தெரியும். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்கும்போது எழும் அந்த முனகல் காதில் விழுவதற்கு முன்பே அடிவயிற்றில் விழுந்துவிடும். சாமி வருகிறவர்களை ஆடவைப்பது உச்சத்தில் பாடுகிற குரலைவிட அந்த அடி ஒலிதான் என்பதை உறுமி மேளம் வாசிக்கும் எந்தப் பையனும் சொல்வான். ராக் இசையில் பேஸ் கிட்டார் செய்வதும் அதே வேலை. டிரம்ஸின் கால்மிதியோடு சேர்ந்து தாளத்தை நிறுத்துகிறது. கிட்டார் எந்தச் சுரத்தில் அலைந்தாலும் பாட்டின் வீடு எது என்று அடியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது.

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இந்த வேலையை ஆளுயர டபுள் பேஸ் செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. மின்சார கிட்டாரும் டிரம்ஸும் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அதன் ஒலி மேடையில் எடுபடவும் இல்லை. ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டக்கூடியது, மின்சாரத்தில் ஒலிப்பது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகத்து ஜனரஞ்சக இசை முழுவதும் அதன்மீது ஏறி நின்றது. நம் சினிமா இசையும்தான். இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடும் அந்தத் தனி மெட்டை வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரகுமானின் இசையில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸையும் தமிழ் உலகம் பல்லாயிரம் முறை கேட்டிருக்கிறது. பெயர் சொல்லச் சொன்னால் தடுமாறும். கேசட் அட்டையில் இசையமைப்பாளர் இருப்பார், பாடகர் இருப்பார், பாடலாசிரியர் இருப்பார். பேஸ் வாசித்தவருக்கு அட்டையில் இடம் கிடைத்தது அபூர்வம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த அநீதி இல்லை. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் சுவீடனில் பயணப் பேருந்து கவிழ்ந்து இறந்தார். அவருக்குப் பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த முதல் முழு இசைத்தொகுப்பு 1988-ல் வெளியானது. அதில் பேஸ் ஒலியைக் கிட்டத்தட்டக் காதில் விழாத அளவுக்குக் குறைத்திருந்தார்கள். உலகின் மிகப் பெரிய மெட்டல் குழுவில் சேர்ந்த இளைஞர் தன் உழைப்பைத் தானே கேட்க முடியாத தட்டோடு வீடு திரும்பினார். இன்றுவரை ரசிகர்கள் அதைப் பேசி ஆறவில்லை. மெட்டல் இசையில் இந்த ஆபத்து மற்ற இசையைவிட அதிகம். கிட்டாரைத் தாழ்த்திச் சுருதி கூட்டி, ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கி வாசிக்கும்போது பேஸ் இருக்க வேண்டிய இடத்தையும் அதுவே ஆக்கிரமித்துக்கொள்ளும். அந்த நெரிசலுக்குள் இருந்துகொண்டு தன் குரலைக் கேட்கவைக்க ஒரு பேஸ் கலைஞருக்குப் பிடிவாதம் வேண்டும்.

இரும்பு உருகும் ஊர்கள்

மெட்டல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் பிறைக்காரர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதி. சுற்றிலும் ஆலைகள், பட்டறைகள். அங்கே தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இளைஞருக்கு 17 வயதில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். விரல் நுனிக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் 1971-ல் வந்த தொகுப்பில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். தளர்ந்த தந்தி விரலுக்கு எளிது, ஒலியில் கனம். பிளாக் சபாத் குழுவின் அந்த இருண்ட கனமான ஒலிக்கு ஆலை விபத்தும் ஒரு காரணம்.

அதே குழுவின் பேஸ் கலைஞர் கீசர் பட்லர். 1949-ல் ஆஸ்டனில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், கணக்கியல் பயின்றவர். முதலில் கிட்டார்தான் வாசித்தார். குழுவுக்கு இரண்டாவது கிட்டார் வேண்டாம் என்றதும் பேஸுக்கு மாறினார். பாடியவர் ஓஸி ஆஸ்போர்ன், உலகம் பார்த்ததும் அவரைத்தான். அவர் பாடிய வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பின்னால் நின்ற பட்லர். போர், மரணம், அணுகுண்டு, பைத்தியம் என்று மெட்டல் இசை இன்றும் பேசிக்கொண்டிருக்கும் பொருள்களைத் தொடங்கிவைத்தது ஒரு பேஸ் கலைஞரின் பேனா. கதிரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பிறைக்கு வருவோம். 1960களில் இங்கே மலாயாவாத்தா உருக்காலை எழுந்தது. அதன் உலைக்கு எரிபொருள் நிலக்கரி இல்லை, ரப்பர் மரக்கரி. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய மரங்கள் வயதாகிப் பயனற்றுப் போனபின் கரியாகி இந்த ஊரில் இரும்பை உருக்கின. தோட்டத் தமிழன் ஆலைத் தமிழனாக மாறிய வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. பிறகு சர்க்கரை ஆலை, தொழிற்பேட்டைகள், மின்னணு ஆலைகள், 1985-ல் தீவையும் பிறையையும் இணைத்த பாலம். மூன்று ஷிப்டு வேலை, இரவு முழுக்க இயந்திரச் சத்தம், காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் தூங்கிக்கொண்டே வீடு திரும்புதல். இப்படி ஓர் ஊரில் வளர்ந்த பையனுக்கு மெட்டல் இசை வெறும் இரைச்சலாகக் கேட்காது. அவன் ஏற்கெனவே அறிந்த ஓசை அது. யாரோ அதற்கு ஒழுங்கும் தாளமும் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த இசை இங்கே கேசட்டாக வந்தது. பசார் மாலத்தில் விற்ற நகல் கேசட்டுகள், நண்பனிடமிருந்து நண்பனுக்குப் பதிவாகிப் பதிவாகி ஒலி மங்கிய கேசட்டுகள். அப்போது மலேசியாவில் ‘ரோக் கப்பாக்’ அலை. ஜொகூரிலிருந்து வந்த சர்ச், அடுத்து விங்ஸ் என்று நீள்முடி குழுக்கள் அரங்கங்களை நிறைத்தன. 1992-ல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீள்முடி ராக் கலைஞர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்றார். சர்ச், விங்ஸ் கலைஞர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். அது அன்றைய நாளேடுகளின் பெரிய செய்தி.

அதே 1992-ல்தான் தீபகற்பத்தின் கடைசி முனையில் இருக்கும் சிங்கப்பூரில் கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா, கிட்டார் வாசிக்கும் பாலா என்ற மூவர் சேர்ந்து ஒரு டெத் மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள்.

வாத்தியம் மௌனித்த ஊரில்

சிங்கப்பூர் ராக் இசையை எப்போதும் சந்தேகத்தோடு பார்த்த நாடு. எழுபதுகளில் நீள்முடிக்கு எதிரான இயக்கமே நடந்தது. 1972-ல் லெட் செப்பலின் குழு முடியின் காரணமாக அங்கே இறங்க முடியாமல் திரும்பியது ராக் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை. தொண்ணூறுகளில் ரசிகர்கள் மேடைக்கு முன்னால் ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் தேசிய சேவைக்குப் போக வேண்டும், தலையை மழித்துக்கொள்ள வேண்டும். ஒரு குழுவில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் வெவ்வேறு ஆண்டில் போவார்கள். குழு எப்படி நிலைக்கும்? இத்தனைக்கும் நடுவில் அப்ஹோரர், இம்பயட்டி போன்ற கடும் மெட்டல் குழுக்கள் அங்கே முளைத்தன. கட்டுப்பாடு அதிகமான இடத்தில் இசை மேலும் முரடாகிறது என்பது என் எண்ணம்.

தமிழர்களுக்கு அங்கே இன்னொரு தடையும் இருந்தது. 1973 முதல் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்கக் கூடாது. குழுக்களுக்கிடையே ஏற்பட்ட சச்சரவுகள் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016-ல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் விட்டார்கள். இங்கே தண்ணீர்மலையில் உறுமியும் தவிலும் மலையை உலுக்கும்போது அங்கே காவடி தாளமில்லாமல் நடந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல். இந்தத் தடையால்தான் ருத்ரா பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பறையும் உறுமியும் தெருவில் மௌனித்திருந்த ஓர் ஊரில், தமிழ்ப் பிள்ளைகள் மூவர் மூடிய ஒத்திகை அறைக்குள் உருத்திரன் பெயரில் அடி ஒலியை எழுப்பினார்கள் என்பதை வெறும் தற்செயலாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

குழு நடுவில் ஒருமுறை கலைந்து மறுபடி கூடியது. 1998-ல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு வந்தது. 2001-ல் ‘தி ஆர்யன் க்ரூசேட்’, 2003-ல் ‘குருக்ஷேத்ரா’. அடுத்து 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுப்பெயரில் மூன்று தொகுப்புகள். வெளிநாட்டு ரசிகர்கள் இந்தக் குழுவைக் கவனித்து வாங்கத் தொடங்கியது இந்த மூன்றின் காலத்தில். 2013-ல் ‘ருத’, 2016-ல் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’, 2022-ல் ‘எய்ட் மகாவித்யாஸ்’. முதல் ஆண்டிலிருந்து எண்ணினால் முப்பதாண்டு ஆகிறது. இந்த வட்டாரத்தில் எத்தனை குழுக்கள் முப்பதாண்டு நிலைத்தன என்று யோசித்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

இந்த முப்பதாண்டில் கிட்டார் கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள், சிலர் திரும்பியும் வந்தார்கள். மாறாமல் நின்றவர்கள் இருவர்: பேஸில் கதிர், டிரம்ஸில் சிவா. ஒரு குழுவில் அடித்தளம் மாறாவிட்டால் மேலே யார் வந்து வாசித்தாலும் குழுவின் குணம் மாறாது. கிட்டார் கலைஞர் புதியவர் என்பதைக் காது கண்டுபிடிக்கும். ஆனால் தாளம் நகரும் விதத்திலேயே இது ருத்ரா என்று தெரிந்துவிடும். நண்பர்கள் இருவர் முப்பதாண்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்தால் மட்டுமே கிடைக்கும் இறுக்கம் அது.

கை ஒரு கணக்கு, குரல் ஒரு கணக்கு

கதிர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார். இது எவ்வளவு கடினம் என்பது வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிட்டாரைத் தட்டிக்கொண்டு பாடுவது பழகிவிடும். அங்கே கை தாளத்தை அசைக்கிறது, குரல் அதன்மேல் மிதக்கிறது. பேஸில் அப்படி நடக்காது. அதன் மெட்டு பாட்டின் மெட்டுக்கு எதிரே போகும், அது நிற்கும் இடத்தில் இது ஓடும், இது நிற்கும் இடத்தில் அது ஓடும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனிக் கணக்கைப் போட வேண்டும். உலக ராக் இசையில் இதைச் செய்து காட்டியவர்கள் ஒரு சிறு வரிசை: பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, தின் லிஸ்ஸியின் ஃபில் லினொட், மோட்டார்ஹெட்டின் லெம்மி, ஸ்லேயரின் டாம் அராயா. அந்த வரிசையில் ஒரு தமிழர் நிற்கிறார் என்று எழுதும்போது எனக்கு உண்மையாகவே பெருமிதமாக இருக்கிறது.

மெட்டலின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 அடி என்ற வேகத்தில், ஓர் அடிக்கு நாலு சுரம் என்றால் நொடிக்குப் பதின்மூன்று சுரத்துக்கும் மேல். தடித்த தந்தி மெல்லிய தந்தியைப் போல உடனே பேசாது, அழுத்திய விரலுக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். அதனால் பேஸ் கலைஞரின் விரல் கிட்டார் கலைஞரின் விரலைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும். மேலே குரல் வேறு. டெத் மெட்டல் குரலைத் தொண்டையைக் கிழித்துக் கத்துவது என்று நினைக்கிறார்கள். அப்படிக் கத்தினால் ஒரே மாதத்தில் குரல் போய்விடும். வயிற்றிலிருந்து காற்றை அளந்து தள்ளி, குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க்குரல்நாண் மடிப்புகளை அதிரவிடும் பயிற்சி அது. மூச்சு ஒழுங்கு இல்லாதவர் பத்து நிமிடம்கூடத் தாங்க மாட்டார். ஒரு மேடை நிகழ்ச்சியில் முக்கால் மணி நேரம் இதைச் செய்ய வேண்டும். கையில் நாலு தந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் குரலில் அவர் பாடுவது என்ன? அங்கேதான் கதிர் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார். ஐரோப்பிய மெட்டல் தன் சொந்தத் தேவாலயத்தோடு சண்டை போட்டு வளர்ந்தது. சாத்தான், தலைகீழ்ச் சிலுவை எல்லாம் அந்தச் சண்டையின் சின்னங்கள். அந்தச் சண்டை நம்முடையதன்று. ஆசியாவில் பல குழுக்கள் அதை அப்படியே இரவல் வாங்கிப் பாடின. ருத்ரா வாங்கவில்லை. நான் யார், சாவுக்குப் பின் எஞ்சுவது எது, கண்ணால் காண்பது மெய்யா என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டது. கதிர் வேதாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டுப் பயின்றவர். மேடைக் கவர்ச்சிக்காக நாலு மந்திரத்தைச் செருகிய குழு இல்லை இது. பாடலுக்குள் மந்திர உச்சரிப்பு வருகிறது, நம் ராகச் சாயல் வருகிறது, அடுத்த கணம் டிரம்ஸ் இடிபோல் இறங்குகிறது. உருத்திரன் அழிக்கும் கடவுள். அவர் பெயரைச் சொல்ல இந்த இசையைவிடப் பொருத்தமான இசை எது என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு பக்கமும் முகம் சுளித்தவர்கள் உண்டு. கோயில் சார்ந்தவர்களுக்கு இது அபசாரம், முரட்டு மெட்டல் ரசிகர்களுக்கு இது பஜனை. நம் பக்கத்தில் பதற்றம் இன்னும் அதிகம். 2001-ல் பக்கத்து மாநிலமான கெடாவில் பள்ளி மாணவர்களிடையே பிளாக் மெட்டல் பரவுகிறது என்று பெரும் பீதி எழுந்தது. கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகளெல்லாம் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அந்தப் பீதியின் நடுவில் ஒருவராவது கதிரின் வரிகளைப் படித்துப் பார்த்திருந்தால், பிள்ளைகள் வழிபாட்டு வகுப்பில் கேட்காத தத்துவத்தை அதில் கேட்கலாம் என்று கண்டிருப்பார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ருத்ராவின் வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம், சமஸ்கிருதம். தமிழில் சித்தர்கள் இருக்கிறார்கள். சிவவாக்கியரைப் போல ஓங்கி அடித்துக் கேள்வி கேட்ட குரல் உலக இலக்கியத்தில் அரிது. பட்டினத்தார் உடம்பைப் பற்றிப் பேசியதைவிடக் கடுமையாக எந்த டெத் மெட்டல் பாடலும் பேசியதில்லை. அந்தத் தமிழைக் கதிரின் குரலில், அவர் பேஸின்மேல் கேட்க வேண்டும் என்று ஆசை. உலகச் சந்தைக்கு ஆங்கிலம் தேவை என்பதும், அவர் பயின்ற மரபின் மொழி சமஸ்கிருதம் என்பதும் புரிகிறது. புரிந்தாலும் ஆசை போகவில்லை. அதே சமயம், தமிழில் பாடாததால் அவர் நம்மவர் இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன். ஆலிகேட்ஸ் மலாயில் பாடினார்கள், அவர்களை நாம் விட்டுக்கொடுக்கவில்லையே.

சிங்கப்பூரில் யூஜின் தைரியநாதன் என்ற இசை ஆய்வாளர் ருத்ராவையும் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் இணைத்துப் பார்த்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகம் பார்த்த பொருளை நம் வானொலியும் இதழ்களும் பார்க்கத் தவறியது நமக்கு நல்லதில்லை.

பகலில் என்ன செய்கிறார்

மெட்டல் வாசித்துச் சோறு சாப்பிட முடியாது. இந்த வட்டாரத்தில் யாராலும் முடியவில்லை. மலேசியத் தமிழ் இசைக்கலைஞர்களுக்குக் கல்யாண வரவேற்பு, சினிமாப் பாட்டுக் கச்சேரி, கோயில் திருவிழா என்று சில வழிகள் உண்டு. சொந்தமாக மெட்டு போட்டு, இப்படியோர் இசையை வாசிப்பவருக்கு அந்த வழியும் இல்லை. ஒத்திகை அறை வாடகை, தந்தி, ஆம்பிளிஃபயர், பயணம் எல்லாம் கைக்காசு.

கதிருக்குப் பகல் வேலை மனவிழிப்புப் பயிற்சி. அதைக் கற்றுக்கொடுக்கிறார், அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லும் ஒருவர் இரவில் மேடையேறி உறுமுகிறார் என்று பத்திரிகைகள் வியப்பாக எழுதுவதுண்டு. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. நொடிக்குப் பதின்மூன்று சுரம் ஓடும் கையையும், அதற்கு எதிராகப் போகும் குரலையும், பக்கத்தில் இடிக்கும் டிரம்ஸையும் ஒரே சமயத்தில் கவனித்துக்கொண்டு எதிலும் சிக்காமல் நிற்பவருக்கு மூச்சைக் கவனிப்பது புதிய பாடமா? இரண்டும் ஒரே பயிற்சியின் இரண்டு வடிவம் என்றே நினைக்கிறேன். அவர் எழுதும் வரிகளும் அதைத்தான் சொல்கின்றன: காட்சிகள் மாறும், காண்பவன் மாறான்.

தன் குழுவைப் பொறுத்தவரை அவர் கீசர் பட்லரும் ஓஸி ஆஸ்போர்னும் சேர்ந்த ஒருவர். அடி ஒலியும் அவர், குரலும் அவர், வரிகளின் பின்னுள்ள சிந்தனையும் அவர். பிளாக் சபாத் 2025 ஜூலை 5-ஆம் தேதி தங்கள் சொந்த ஊரான ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக வாசித்தபோது அந்த நகரமே திரண்டு வந்து வழியனுப்பியது. அடுத்த சில நாளில், ஜூலை 22-ல், ஓஸி காலமானார். ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் தொடங்கிய இசையை அந்த ஊர் தன் சொத்தாகக் கொண்டாடுகிறது. நாம் கொண்டாட இன்னும் தொடங்கவே இல்லை.

எங்கே தொடங்குவது என்று இளையவர்கள் கேட்டால், 2005-ல் வந்த ‘பிரம்மவித்யா’ முதல் தொகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். அடுத்து 2009, 2011 இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். காது பழகியபின் 1998-க்குப் பின்னோக்கிப் போங்கள், அந்தத் தட்டில் ஒரு தலைமுறையின் அவசரம் இருக்கிறது. பிறகு 2022-க்கு வாருங்கள். அதே இருவர் அடித்தளத்தில் என்னவெல்லாம் கற்றுக்கொண்டார்கள் என்பது அப்போது கேட்கும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், அதிலிருந்து 41 அதிர்வு வெளியே வராது. நல்ல காதொலிப்பான் போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செபராங் பிறையில் மண்டபங்கள் இருக்கின்றன, இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன, வருடாவருடம் சென்னையிலிருந்து சினிமாப் பாடகர்களை வரவழைக்கப் பணமும் இருக்கிறது. ஒரு வருடம் சிங்கப்பூரிலிருந்து ருத்ராவை அழையுங்கள். உறுமி வாசிக்கும் பையன்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள், முடிந்தால் அவர்களையும் மேடையேற்றி ஒரு பாட்டுக்குச் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாடகைக்கு ஒலியமைப்பு எடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நம் மண்டபங்களுக்கு வரும் பெட்டிகள் குரலுக்கும் கீபோர்டுக்கும் சரிகட்டியவை. பேஸுக்கென்று தனி ஆம்பிளிஃபயர் கேட்டு வாங்குங்கள்.